மண்ணிலும் நீர்மயத்திலும் ஸ்ட்ரோபெரிச் செய்கை – ஓர் ஒப்பீடு
(மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை உதாரணமாகக் கொண்ட விளக்கம்)

க.பொ.த. சாதாரண தரம் – விவசாயமும் உணவுத் தொழினுட்பவியலும்

1. அறிமுகம்

மண் இல்லாமலும் பயிர் வளர்க்கலாம் என்பதை மாணவர்கள் அறிவர். அவ்வாறாயின் மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஒரு வீட்டு வளவில், மணல் மண்ணை ஒதுக்கிவிட்டு, நீர்க் கரைசலில் ஸ்ட்ரோபெரி வளர்க்க முடியுமா? பலர் “முடியும்” என்று உடனே விடை கூறுவர். பரீட்சையில் அந்த ஒரு சொல் போதாது. பணம் செலவிட்டுத் தொழில் தொடங்க எண்ணும் ஒரு குடும்பத்துக்கும் அது போதாது. மண் எந்தப் பணிகளைச் செய்கிறது, அவற்றுள் எவற்றை நீர்மயமுறை ஈடுசெய்கிறது, எதனை ஈடுசெய்வதில்லை என்று பிரித்துப் பார்த்த பின்னரே சரியான விடையைக் கூற முடியும். இப்பாடத்தில் அவ்வாறே படிப்படியாகப் பார்ப்போம்.

2. ஸ்ட்ரோபெரித் தாவரம்

ஸ்ட்ரோபெரி, ரோசாக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பல்லாண்டுப் பூண்டு ஆகும். இதன் தண்டு மிகக் குறுகியது. இலைகளும் பூந்துணர்களும் இக்குறுந்தண்டிலிருந்தே தோன்றுகின்றன. வேர்த்தொகுதியின் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரந்திருக்கும். ஆகவே நீர்ப்பற்றாக்குறை, நீர் தேங்குதல், உப்பு ஆகிய மூன்றும் இதனை விரைவில் தாக்கும்.

தாய்த் தாவரத்திலிருந்து நிலத்தின் மேலாக ஓடிச்செல்லும் ஓடிகளின் கணுக்களில் இளந்தாவரங்கள் உண்டாகும். பதியமுறை இனப்பெருக்கத்துக்கு இது சிறந்த உதாரணமாகும். வர்த்தகச் செய்கையில் இவ்விளந்தாவரங்களே நடுகைப் பொருளாகப் பயன்படுகின்றன.

நாம் உண்ணும் சிவந்த சதைப்பகுதி உண்மைக் கனியன்று. அது பூவின் ஏந்தி பருத்து உண்டானது. எனவே இது போலிக்கனி எனப்படும். மேற்பரப்பில் விதைகள் போலத் தோன்றும் சிறு மணிகளே உண்மையான கனிகள். இம்மணிகள் உருவாவதற்கு மகரந்தச்சேர்க்கை தேவை. சேர்க்கை குறைந்த இடத்தில் ஏந்தி பருக்காது, பழம் கோணலாகும். தேனீக்கள் நுழைய முடியாத வலைக்கூடாரத்தினுள் பயிர் செய்வோர் மென்மையான தூரிகையால் பூக்களைத் தடவி விடுவதற்குக் காரணம் இதுவே.

பறித்த பின் ஸ்ட்ரோபெரி மேலும் பழுப்பதில்லை. பழுத்த நிலையிற் பறிக்க வேண்டும். பறித்த பழம் சாதாரண வெப்பநிலையில் ஓரிரு நாட்களிலேயே கெட்டுவிடும். நுவரெலியாவில் பறிக்கும் பழத்தை மட்டக்களப்புக்குக் கொண்டுவருவது கடினம். “இங்கேயே வளர்த்தால் என்ன?” என்ற கேள்வி எழுவதும் இதனாலேயே.

3. மண் செய்யும் பணிகள்

மண் தாவரத்துக்குப் பின்வரும் பணிகளைச் செய்கின்றது.

(அ) வேர்களைப் பற்றித் தாங்குதல்.
(ஆ) நுண்துளைகளில் நீரைப் பிடித்து வைத்திருந்து, தேவையானபோது வழங்குதல்.
(இ) பெரிய துளைகளின் ஊடாக வேர்களுக்கு ஒட்சிசனை வழங்குதல்.
(ஈ) களித் துணிக்கைகளிலும் உக்கலிலும் போசணை அயன்களைப் பிடித்து வைத்து, சிறிது சிறிதாக விடுவித்தல்.
(உ) பீ.எச். பெறுமானம் திடீரென மாறாதவாறு தாங்கற் செயலைப் புரிதல்.
(ஊ) வேர்ச்சூழலின் வெப்பநிலை விரைவாக ஏறி இறங்குவதைத் தடுத்தல்.
(எ) சேதனப் பொருளை நுண்ணங்கிகள் பிரிந்தழியச் செய்து போசணையாக மாற்ற இடமளித்தல்.

இப்பட்டியலில் ஒளி, வளியின் வெப்பநிலை, ஈரப்பதன் என்பன இல்லை என்பதைக் கவனிக்க. அவை காலநிலைக் காரணிகள். மண்ணை மாற்றுவதால் அவை மாறமாட்டா. இப்பாடத்தின் முக்கிய கருத்து இதுவே.

4. நீர்மயப் பயிர்ச்செய்கை

தாவரத்துக்குத் தேவையான கனிப்பொருட் போசணைகளை நீரிற் கரைத்து, மண் இன்றி வேர்களுக்கு நேரடியாக வழங்கிப் பயிர் வளர்த்தல் நீர்மயப் பயிர்ச்செய்கை (ஐதரோபொனிக்ஸ்) எனப்படும்.

வரலாற்றுக் குறிப்பு: 1860களில் சக்ஸ், நொப் என்னும் ஜேர்மனிய விஞ்ஞானிகள் கனிப்பொருட் கரைசலில் தாவரங்களை வளர்த்துக் காட்டினர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெரிக் என்பவர் 1929 இலிருந்து இம்முறையைப் பெரிய அளவிற் பயிர்செய்யும் முறையாக எடுத்துக்காட்டினார். 1937 இல் ஐதரோபொனிக்ஸ் என்ற பெயர் வழக்குக்கு வந்தது. அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோக்லண்ட், ஆர்னன் ஆகிய இருவரும் 1938 இல் முக்கியமான ஒரு முடிவை வெளியிட்டனர். ஒரே காலநிலையில், வளமான மண்ணில் வளர்த்த தக்காளிக்கும் கரைசலில் வளர்த்த தக்காளிக்கும் விளைச்சலிற் பெரிய வேறுபாடு இல்லை என்பதே அது. ஆகவே நீர்மயமுறை தன்னியல்பாகவே மண்ணை விட அதிக விளைச்சல் தரும் என்று எழுதுவது தவறு. மண் வளமற்றதாக, உவர்த்தன்மையுள்ளதாக அல்லது நோய் நிறைந்ததாக இருக்கும் இடத்திலேயே அதன் நன்மை வெளிப்படும்.

முக்கிய முறைகள்:

(அ) தேங்கு கரைசல் முறை – றெஜிபோம் பெட்டி போன்ற கொள்கலத்தில் கரைசலை நிரப்பி, மூடியிலுள்ள துளைகளில் தாவரங்களைப் பொருத்துதல். வேரின் மேற்பகுதி வளியிலும் கீழ்ப்பகுதி கரைசலிலும் இருக்கும். மின்சாரம் தேவையில்லை.
(ஆ) மென்படல முறை – சரிவான குழாய்களின் அடியில் கரைசலை மெல்லிய படலமாக ஓடவிட்டு, பம்பியின் உதவியால் மீண்டும் சுற்றவிடுதல்.
(இ) திண்ம ஊடக முறை – தும்புத்தூள், கழுவிய மணல், பேர்லைற்று போன்றவற்றை பைகளில் அல்லது தொட்டிகளில் நிரப்பி, சொட்டு நீர்ப்பாசனத்தின் மூலம் கரைசலை வழங்குதல்.
(ஈ) வளிமய முறை – வளியில் தொங்கும் வேர்களின் மீது கரைசலை நுண்துளிகளாக விசிறுதல்.

ஸ்ட்ரோபெரியின் வர்த்தகச் செய்கையில் மூன்றாவது முறையே பெரிதும் கையாளப்படுகின்றது. ஐரோப்பாவில் இடுப்பளவு உயர மேசைகளில் நிரப்பப்பட்டுள்ள ஊடகங்களுள் தென்னந்தும்புத்தூள் முக்கியமானது. இலங்கையும் இந்தியாவும் அதனை ஏற்றுமதி செய்கின்றன. நமது தென்னந்தோட்டக் கழிவாகக் கருதப்பட்ட பொருள் அங்கே மண்ணுக்குப் பதிலாகின்றது.

தும்புத்தூளை அப்படியே பயன்படுத்தலாகாது. அதில் சோடியம், குளோரைட்டு, பொற்றாசியம் ஆகிய அயன்கள் இயல்பாகவே உள்ளன. தேங்காய் மட்டையை உவர்நீரில் ஊறவிட்டிருந்தால் உப்பு மேலும் கூடும். எனவே நன்னீராற் பலமுறை கழுவி, பின்னர் கல்சியம் நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவிட்டே ஊடகமாகப் பயன்படுத்த வேண்டும்.

5. போசணைக் கரைசல்

தாவரத்துக்கு இன்றியமையாத மூலகங்கள் 17 ஆகும் (நிக்கலைச் சேர்க்காத நூல்களில் 16). காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகிய மூன்றும் வளியிலிருந்தும் நீரிலிருந்தும் கிடைக்கின்றன. மற்றவை அனைத்தையும் கரைசலே வழங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஈடுசெய்ய மண் இல்லை. இலங்கையில் இதற்கெனப் பெரிதும் அறியப்பட்டது அல்பேட் கரைசல் ஆகும்.

செறிந்த கரைசல்களைத் தயாரிக்கும்போது கல்சியம் நைத்திரேற்றை ஒரு கலத்திலும், சல்பேற்று, பொசுபேற்று உப்புகளை வேறொரு கலத்திலும் வைப்பர். ஒரே கலத்தில் இட்டால் கல்சியம் சல்பேற்று, கல்சியம் பொசுபேற்று என்பன வீழ்படிவாகும். போசணை வேருக்குக் கிடைக்காது. ஐதாக்கிய பின்னரே இரண்டையும் கலக்க வேண்டும்.

நாளாந்தம் அளக்க வேண்டியவை இரண்டு:

(அ) பீ.எச். பெறுமானம் – 5.5 இற்கும் 6.5 இற்கும் இடையில் இருத்தல் வேண்டும். கூடினால் இரும்பு, மங்கனீசு போன்றவை கிடைப்பது குறையும். இளம் இலைகள் மஞ்சளாகும்.
(ஆ) மின்கடத்துதிறன் – கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும். ஸ்ட்ரோபெரிக்கு மீற்றருக்கு ஏறத்தாழ 1.0 முதல் 1.5 டெசிசீமன்ஸ் வரை போதுமானது.

கவனிக்க: மின்கடத்துதிறன் மானி மொத்த உப்பை மாத்திரமே காட்டும். அவ்வுப்பு பொற்றாசியமா, சோடியமா என்று அது கூறாது. வாவிப் பிரதேசத்தில் இவ்வேறுபாடு மிக முக்கியமானது.

6. இரு முறைகளின் ஒப்பீடு

நீர்ப்பயன்பாடு – மண்ணில் இடும் நீரின் ஒரு பகுதி ஆழத்துக்கு வடிந்தும் மேற்பரப்பிலிருந்து ஆவியாகியும் போகும். மணல் மண்ணில் இவ்விழப்பு மிக அதிகம். சுற்றோட்ட நீர்மயமுறையில் வடியும் கரைசல் மீண்டும் பயன்படுத்தப்படும்.

போசணை – மண்ணில் சேதனப் பசளையும் அசேதனப் பசளையும் இடலாம். சிறு தவறுகளை மண் தாங்கிக்கொள்ளும். நீர்மயமுறையில் நீரிற் கரையும் கனிப்பொருள் உப்புகளே அடிப்படை. தவறின் விளைவு சில நாட்களிலேயே தெரியும்.

நோய், பீடை – மண்ணால் பரவும் வாடல் நோய்கள், வட்டப்புழுக்கள், களைகள் ஆகியன நீர்மயமுறையில் குறைவு. எனினும் சுற்றும் கரைசலில் வேரழுகல் நோய்க்கிருமி புகுந்தால் ஒரே நேரத்தில் எல்லாத் தாவரங்களையும் சென்றடையும்.

பழத்தின் தூய்மை – மண்ணில் வளர்க்கும்போது பழம் நிலத்தைத் தொட்டு அழுகாதவாறு வைக்கோல் அல்லது பொலித்தீன் மூடுபடை இட வேண்டும். மேசைமுறையில் பழங்கள் தொங்குவதால் மண் படியாது, குனியாமற் பறிக்கலாம்.

மூலதனம் – மண்ணிற் குறைவு. நீர்மயமுறையில் கொள்கலம், குழாய், பம்பி, கூடாரம், மானிகள் என ஆரம்பச் செலவு அதிகம்.

இடையூறைத் தாங்கும் ஆற்றல் – மின்சாரம் தடைப்பட்டால் மண்ணிலுள்ள பயிருக்கு உடனடிப் பாதிப்பு இல்லை. மென்படல முறையில், கடும் வெயிலில் பம்பி சில மணி நேரம் நின்றாலே வேர்கள் உலரத் தொடங்கும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு அமுலில் இருந்தமை நினைவிற் கொள்ளத்தக்கது. அதற்கு முந்திய ஆண்டில், 2021 மே மாதம், இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு நவம்பரிலே தளர்த்தப்பட்டது. கரையும் கனிப்பொருள் உப்பையே முற்றாக நம்பியிருக்கும் ஒரு செய்கைமுறைக்கு இத்தகைய தடை எவ்வளவு பாரதூரமானது என்பதை மாணவர்கள் ஊகிக்கலாம்.

7. மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் – மண்ணும் நீரும்

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. மட்டக்களப்பு முகத்துவாரத்திலும் பெரியகல்லாற்றிலும் கடலுடன் தொடுக்கப்படுகின்றது. வாவிக்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் உள்ள ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்கே வயல்கள் பரந்த நிலம் படுவான்கரை.

எழுவான்கரையின் மண் பெரும்பாலும் றெகோசோல் எனப்படும் மணல் மண்ணாகும். களியும் உக்கலும் குறைவாதலால் நீரையும் போசணையையும் பிடித்து வைக்கும் ஆற்றல் இதற்குக் குறைவு. எனினும் களுதாவளை போன்ற ஊர்களில் கிணற்று நீரைக் கொண்டு வெற்றிலை, மரக்கறி முதலியன செய்கைபண்ணப்படுகின்றன. சேதனப் பசளையும் தொடர்ச்சியான நீர்ப்பாசனமுமே மணலை விளைநிலமாக்கியுள்ளன. ஆகவே “மணல் மண்ணில் பயிர் செய்ய முடியாது” என்று எழுதுதல் பொருந்தாது.

இங்கே கிணற்று நன்னீர், நிலத்தடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய படையாகும். மழை அதனை நிரப்புகின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உவர்நீர் மேலெழும். 2004 டிசம்பர் 26 ஆந் திகதி சுனாமி அலை கரையோரக் கிணறுகளில் கடல்நீரைப் புகுத்தியது. பின்வந்த பருவமழைகளே அவ்வுப்பைப் படிப்படியாகக் கழுவின.

ஸ்ட்ரோபெரி உப்பை மிகக் குறைவாகவே தாங்கும் பயிர்களுள் ஒன்றாகும். பின்வரும் கணிப்பைக் கவனிக்க.

மண் நிறைவுச் சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.0 டெசிசீமன்ஸைத் தாண்டியதும் ஸ்ட்ரோபெரியின் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்கு மேல் கூடும் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 33 சதவீதம் குறையும். நெல்லுக்கு இவ்வெல்லை 3.0 ஆகும், அதன் பின்னர் ஒவ்வோர் அலகுக்கும் 12 சதவீதம் குறையும்.

மின்கடத்துதிறன் 2.0 ஆயின்,
ஸ்ட்ரோபெரி விளைச்சல் = 100 – 33 × (2.0 – 1.0) = 67 சதவீதம்
நெல் விளைச்சல் = 100 சதவீதம்

மின்கடத்துதிறன் 3.0 ஆயின்,
ஸ்ட்ரோபெரி விளைச்சல் = 100 – 33 × (3.0 – 1.0) = 34 சதவீதம்
நெல் விளைச்சல் = 100 சதவீதம்

அதாவது நெல் பாதிப்பின்றி விளையும் நிலத்திலேயே ஸ்ட்ரோபெரி மூன்றில் ஒரு பங்கு விளைச்சலை மாத்திரம் தரலாம்.

நீர்மயமுறை இதைத் தீர்க்குமா? மண்ணின் உப்பிலிருந்து தப்பலாம். நீரின் உப்பிலிருந்து தப்ப முடியாது. கிணற்று நீரின் மின்கடத்துதிறன் ஏற்கெனவே 0.8 எனக் கொள்வோம். கரைசல் 1.4 ஆக இருக்க வேண்டுமாயின், போசணைக்கு எஞ்சும் இடம் 0.6 மாத்திரமே. மேலும், சுற்றும் கரைசலில் தாவரம் நீரையும் போசணையையும் எடுக்கும். சோடியத்தையும் குளோரைட்டையும் பெரிதும் விட்டுவிடும். குறைந்த நீருக்குப் பதிலாக மீண்டும் கிணற்று நீரை ஊற்ற, அவ்வுப்புகள் நாளுக்கு நாள் குவியும்.

இதற்குச் சிறந்த மாற்று மழைநீராகும். 1 சதுர மீற்றர் கூரையில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் கிடைக்கும். ஆண்டுக்கு 1500 மில்லிமீற்றர் மழை எனக் கொண்டால், 40 சதுர மீற்றர் கூரையில் விழும் நீர் 40 × 1500 = 60,000 லீற்றர் ஆகும். இதன் பெரும்பகுதி வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலத்திலேயே கிடைப்பதால், சேமிக்கும் தாங்கியின் கொள்ளளவே எல்லையைத் தீர்மானிக்கும்.

8. மட்டக்களப்பின் வெப்பநிலை

ஸ்ட்ரோபெரிக்கு 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரையிலான பகல் வெப்பநிலையும், அதனிலும் குளிர்ந்த இரவும் உகந்தவை. வெப்பநிலை 30 பாகையை அண்மித்துத் தொடர்ந்து நிலவினால் பூ அரும்புதல் குறையும், பழம் சிறுக்கும்.

நுவரெலியாவில் ஸ்ட்ரோபெரி விளைவதற்குக் காரணம் அதன் மண் மாத்திரமன்று. அங்கே கூடாரங்களினுள்ளும் இப்பயிர் வளர்க்கப்படுகின்றது. நுவரெலியாவும் மட்டக்களப்பும் ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் இருப்பதால் பகற்பொழுதின் நீளத்தில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது உயரமே.

உயரம் 1000 மீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். நுவரெலியாவின் உயரம் 1868 மீற்றர்.

வெப்பநிலைக் குறைவு = 1.868 × 6.5 = ஏறத்தாழ 12 பாகை
மட்டக்களப்பின் ஆண்டுச் சராசரி = ஏறத்தாழ 28 பாகை
நுவரெலியாவின் எதிர்பார்க்கும் சராசரி = 28 – 12 = 16 பாகை

நுவரெலியாவின் உண்மைச் சராசரியும் ஏறத்தாழ இதுவே. இந்தியாவில் ஸ்ட்ரோபெரிக்குப் பெயர்பெற்ற மகாபலேஸ்வரமும் மகாராஷ்டிர மாநிலத்தின் மலைப்பகுதியில், 1300 மீற்றருக்கு மேலான உயரத்தில் உள்ளது. அங்கே பெரும்பாலும் மண்ணிலேயே, உயர்பாத்திகளில் சொட்டு நீர்ப்பாசனத்துடன் பயிரிடுகின்றனர். தகுந்த காலநிலை இருக்குமிடத்தில் சாதாரண மண்ணே போதும் என்பதற்கு இது சான்றாகும்.

மட்டக்களப்பில் சற்றுக் குளிர்ந்த மாதங்கள் டிசம்பரும் ஜனவரியும் ஆகும். ஆனால் இரவு வெப்பநிலை அப்போதும் 23 பாகை அளவிலேயே நிற்கும். அத்துடன் அதுவே கடும் மழைக்காலம். ஈரம் மிகுந்தால் பழங்களை நரைப்பூஞ்சணம் தாக்கும். மழையைத் தடுக்கப் பொலித்தீன் கூடாரம் அமைத்தால் உட்பகுதி மேலும் வெப்பமடையும். கூடாரங்கள் காற்றையும் தாங்க வேண்டும். 1978 நவம்பர் 23 ஆந் திகதி வீசிய சூறாவளி இப்பிரதேசத்தைத் தாக்கிய காலமும் இதே பருவமே.

வெப்பம் கரைசலையும் பாதிக்கும். 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீரில் ஏறத்தாழ 9.1 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கலாம். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மாத்திரமே. வெப்பம் கூடும்போது வேரின் சுவாசமும் கூடுவதால் ஒட்சிசன் தேவை அதிகரிக்கும். வழங்கல் குறைந்து தேவை கூடும் இந்நிலையில் வேரழுகல் எளிதில் ஏற்படும். நிலத்தினுள் இருக்கும் வேருக்கு மண் ஓரளவு குளிர்ச்சி தரும். வெயிலில் கிடக்கும் குழாய்க்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

கரைசலையும் கூடாரத்தையும் குளிரூட்டி இக்குறைகளை நீக்கலாம். அதற்குத் தொடர்ச்சியான மின்சாரமும் பெரும் மூலதனமும் தேவை. தொழினுட்ப ரீதியில் இயலுமானது பொருளாதார ரீதியில் இலாபம் தருவதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

9. சூழற் பாதிப்பு

பழைய கரைசலை வளவில் ஊற்றிவிடும் வழக்கம் தீங்கானது. மணலின் ஊடாக நைத்திரேற்று விரைவாக வடிந்து கிணற்றைச் சேரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மிகுந்த நைத்திரேற்று கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவுவதைப் பாதிக்கும். வாவியைச் சேரும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் அல்காக்களைப் பெருகச்செய்து நற்போசணையாக்கத்துக்கு வழிவகுக்கும். மீன்களுக்கு ஒட்சிசன் குறையும். பழைய கரைசலை ஐதாக்கித் தென்னை, வாழை போன்றவற்றுக்குச் சிறிது சிறிதாக இடுதல் சிறந்தது. மணலில் அளவுக்கு மீறி இடும் பசளையும் இதே தீங்கைச் செய்யும் என்பதையும் மறக்கலாகாது.

10. முடிவு

நீர்மயமுறை மண்ணின் குறைகளை ஈடுசெய்யும். காலநிலையின் குறைகளை ஈடுசெய்யாது. ஸ்ட்ரோபெரிக்கு மட்டக்களப்பில் உள்ள முதற்தடை வெப்பநிலை. இரண்டாவது நீரின் உப்பு. மண் மூன்றாவதாகவே வருகின்றது. எனவே மூன்றாவது தடையை மாத்திரம் நீக்கிவிட்டு நல்ல விளைச்சலை எதிர்பார்க்க முடியாது. சில செடிகளைப் பாடசாலையில் பரீட்சார்த்தமாக வளர்த்துப் பார்ப்பது பயனுள்ள செயற்றிட்டமாகும். கடன்பட்டு வர்த்தகச் செய்கையில் இறங்குவது வேறு விடயம்.

இதனால் நீர்மயமுறை இப்பிரதேசத்துக்கு உதவாது என்று கொள்ளலாகாது. வெப்பத்தைத் தாங்கும் கங்குன், கீரை வகைகள், மிளகாய், தக்காளி, வெள்ளரி போன்றவற்றை மழைநீரையும் கழுவிய தும்புத்தூளையும் கொண்டு, சிறிய வளவிலும் வளர்க்கலாம். முறையைத் தெரிவு செய்யுமுன் பயிரையும், பயிரைத் தெரிவு செய்யுமுன் இடத்தின் காலநிலையையும் நீரையும் ஆராய வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. ஸ்ட்ரோபெரி ஏன் போலிக்கனி எனப்படுகின்றது?
விடை: உண்ணும் பகுதி சூலகத்திலிருந்து அன்றி, பூவின் ஏந்தி பருப்பதால் உண்டாவதனாலாகும்.

2. கல்சியம் நைத்திரேற்றையும் மகனீசியம் சல்பேற்றையும் செறிந்த நிலையில் ஒரே கலத்தில் கரைக்கலாகாது. காரணம் யாது?
விடை: கல்சியம் சல்பேற்று வீழ்படிவாகி, அப்போசணைகள் வேருக்குக் கிடைக்காமற் போகும்.

3. வெப்பமான பிரதேசத்தில் போசணைக் கரைசலின் ஒட்சிசன் பற்றாக்குறை ஏற்படுவதற்கு இரு காரணங்கள் தருக.
விடை: வெப்பநிலை கூட ஒட்சிசனின் கரைதிறன் குறைதல்; வேரின் சுவாச வீதம் கூடுதல்.

4. மண் நிறைவுச் சாற்றின் மின்கடத்துதிறன் 1.5 ஆயின் ஸ்ட்ரோபெரியின் விளைச்சல் எத்தனை சதவீதமாகும்?
விடை: 100 – 33 × 0.5 = 83.5 சதவீதம்.

5. எழுவான்கரையில் வசிக்கும் ஒருவர் கிணற்று நீரைப் பயன்படுத்தி நீர்மயமுறையில் ஸ்ட்ரோபெரி வளர்க்க விரும்புகிறார். அவர் முதலில் அளந்தறிய வேண்டிய இரண்டையும், நீர் பொருத்தமற்றதாயின் கையாளக்கூடிய மாற்றையும் குறிப்பிடுக.
விடை: நீரின் மின்கடத்துதிறன், பயிரிடும் இடத்தின் பகல்–இரவு வெப்பநிலை, மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்தலும், வெப்பத்தைத் தாங்கும் வேறு பயிரைத் தெரிவு செய்தலும்.